களாப்பூ வாசம் தாளில் நிற்காது

தேவாரத்துக்கு மேற்கே, மலையடிவாரக் கரட்டை ஒட்டி அவருக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. மக்காச்சோளமும் தட்டைப்பயறும் மாறி மாறிப் போடுவார். நிலத்தின் மேற்கு ஓரத்தில் பழைய உயிர்வேலி. கிளுவை, கள்ளி, இடையிடையே களா. அவருடைய அப்பா காலத்துக்கும் முந்தியது. பட்டுப்போன இடங்களில் சந்து விழுந்து ஆடுகள் நுழைகின்றன. போன வருசம் பயறு பூத்த நேரத்தில் இரண்டே நாளில் கால் ஏக்கரை மேய்ந்துவிட்டன. போதாதற்கு, வேலி பரந்து இரண்டு சால் அகல நிலத்தையும் தின்றுவிட்டது. சித்திரையில் ஜே.சி.பி. வைத்துப் பிடுங்கிவிட்டு, கல்தூண் ஊன்றிக் கம்பி கட்டிவிடலாம் என்று முடிவு செய்து, வண்டிக்காரரிடம் முன்பணமும் கொடுத்துவிட்டார்.

பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய மகள் பழைய செய்தித்தாள் கட்டோடு வேலிக்கு வந்தாள். போடியில் தாவரவியல் இரண்டாம் வருசம் படிக்கிறாள். ஊர்ச் செடிகளைச் சேகரித்து, காயவைத்து, தாளில் ஒட்டிக் கொடுக்க வேண்டுமாம். அதற்கு ஹெர்பேரியம் என்று பேர். தமிழில் உலர்தாவரத் தொகுப்பு.

களா அப்போது பூத்திருந்தது. மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ, ஐந்து இதழ், கொத்துக் கொத்தாக. காலை வெயில் ஏறுமுன் அந்தப் பக்கம் போனாலே வாசம் இழுக்கும். பூவும் இலையும் முள்ளும் தெரிகிற மாதிரி ஒரு முழ நீளக் கொப்பை வெட்டினாள். பால் வடிந்தது. துடைத்துவிட்டு, இலைகளில் சிலவற்றை மேல்புறமும் சிலவற்றைக் கீழ்ப்புறமும் தெரியுமாறு செய்தித்தாளுக்குள் பரப்பி, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். ஈரம் இழுத்த தாளைத் தினமும் மாற்றினாள். மாற்றாவிட்டால் பூசணம் பிடித்துவிடும்.

பத்து நாள் கழித்து அவர் பார்த்தபோது பூ பழுப்பாகிக் கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனார். தாள் வாடைதான் வந்தது.

“என்னாத்தா, வாசமே இல்ல?”

“வாசமும் நெறமும் நிக்காதுப்பா. அதான் சீட்டுல எழுதணும். நீங்க சொல்லுங்க, எழுதுறேன்.”

சுமார் 42 செ.மீ. நீளமும் 29 செ.மீ. அகலமும் கொண்ட கெட்டித் தாளில் செடியை ஒட்டி, வலது கீழ் மூலையில் சீட்டு வைப்பார்கள். தாவரப் பெயர், உள்ளூர்ப் பெயர், இடம், தேதி, மண், செடியின் உயரம், பூவின் நிறம், வாசம், சேகரித்தவர் பெயர், வரிசை எண். அதில் பாதிக்கு அவளுக்கு விடை தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. செம்மண்ணும் சரளையும். ஆள் உயரம். காய் ஊறுகாய்க்கு, பழம் கறுத்தால் தின்னலாம். மலைமேல் இருப்பது சின்னக்காய், இது பெருங்காய். ஊரில் இரண்டையுமே களா என்றுதான் சொல்வார்கள். தாவர நூலில் அவை இரண்டு தனி இனங்கள். இரண்டுக்கும் பெயர் வைத்தவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ்.

“எப்பப்பா பூக்கும்?”

“முன்னெல்லாம் பங்குனி பொறந்தாத்தான். இப்ப மாசியிலேயே ஆரம்பிச்சிருது.”

“முன்னன்னா எந்த வருசம்?”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. அவருடைய அப்பத்தா இருந்தால் சொல்லியிருக்கும்.

இந்தக் கேள்விக்குத்தான் பழைய தாள்கள் உதவுகின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தாவரத் தோட்டத்தில் 1885 முதல் 2002 வரை பூவோடு சேகரித்த தாள்களை, அதே தோட்டத்தில் இருக்கும் மரங்களோடு ஒப்பிட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைவிட இப்போது சுமார் 8 நாள் முன்னதாகப் பூக்கின்றன என்று 2004-ல் வெளியிட்டார்கள். சூடு கூடியதற்கு அந்தக் காய்ந்த பூக்களே சாட்சி.

நம் பக்கத்திலும் அப்படிச் சேகரிப்பு உண்டு. 1853-ல் கிளெக்ஹார்ன் என்ற மருத்துவரின் சேகரிப்போடு சென்னையில் தொடங்கிய மதராஸ் ஹெர்பேரியம் இப்போது கோவையில், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் பொறுப்பில் இருக்கிறது. 1917-ல் மும்பை சேவியர் கல்லூரியின் பிளாட்டர் பாதிரியார் மேகமலைக்கே வந்து செடிகள் சேகரித்தார். அப்போது தேனி மாவட்டம் கிடையாது. எல்லாம் மதுரை ஜில்லா. திருச்சி தூய வளனார் கல்லூரியில் மேத்யூ பாதிரியார் தொடங்கிய ராப்பினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. எந்தச் செடி எந்த ஊரில் எந்த மாதம் நின்றது என்பதற்கு இவைதான் பத்திரப்பதிவு ஆபீஸ்.

மகள் ‘இடம்’ என்ற வரியில் ‘தேவாரம், மேற்குக் கரட்டடி, வயல் வேலி’ என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கேட்டாள்:

“சித்திரைக்கு அப்புறம் யாராச்சும் இதப் படிச்சிட்டுத் தேடி வந்தா என்னப்பா காட்டுறது?”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வேலியோரமாக ஒரு நடை போனார். பூவில் தேனீ மொய்த்துக் கிடந்தது. ஆனியிலும் ஆடியிலும் மேற்கேயிருந்து வரும் காற்றில் பக்கத்து நிலத்துச் சோளம் சாய்ந்தபோது தன் சோளம் நின்றது நினைவுக்கு வந்தது. ஆடு நுழைந்ததும் நினைவுக்கு வந்தது.

சித்திரையில் ஜே.சி.பி. வந்தது. வடக்கு ஓரத்தில் வெறும் கள்ளி நின்ற பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் கம்பி கட்டினார். மேற்கு வேலி நின்றது. சந்துகளில் முள் வெட்டி அடைத்தார். பழம் பழுத்ததும் விதையெடுத்து, காயவிடாமல் உடனே பையில் முளைக்கப் போட்டு, மழை பிடித்ததும் இரண்டு அடிக்கு ஒன்றாக நட்டார். அது வேலியாக அடைய மூன்று நான்கு வருசமாகும். அதுவரை காவலுக்குப் போகத்தான் வேண்டும். இரண்டு சால் நிலமும் திரும்பவில்லை. கணக்குப் பார்த்தால் நட்டம்தான் என்று அவரே சொல்கிறார்.

மகள் இப்போது மாதம் ஒரு செடி என்று சேர்க்கிறாள். எல்லாம் சொந்த நிலத்திலும் ஊர் வேலியிலும்தான். மலைக்குள் போவதில்லை, மேகமலைக் காடு 2021 முதல் புலிகள் காப்பகம், அனுமதியின்றி ஒரு கொப்புகூட ஒடிக்கக் கூடாது. தாள்களுக்கு நடுவே காய்ந்த வேப்பிலை போட்டு, ஈரம் படாத தகரப்பெட்டியில் வைத்திருக்கிறாள்.

களாத் தாளில் வாசம் என்ற வரிக்கு நேரே, ‘மல்லிகை போல, காலையில் அதிகம், வெயில் ஏறினால் குறையும்’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘தகவல்: அப்பா’.