பெயர் மறந்த ஈ

ஒன்றாம் வகுப்புப் பேத்தி எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். “கிட் கடைசில ஈ வந்தா கைட் தாத்தா. ஹாப் கடைசில வந்தா ஹோப். ஈ மட்டும் சத்தமே போடாது. ஆனா நடுவுல இருக்கிற எழுத்தை அதோட பேரைச் சொல்ல வெச்சிடும்.” ஐ என்ற எழுத்து ‘ஐ’ என்றே ஒலிக்கிறது, ஓ ‘ஓ’ என்றே. அவள் மிஸ் இதை ‘மேஜிக் ஈ’ என்கிறாராம். என் காதில் விழுந்ததோ பறக்கிற ஈ.

என் பாட்டி கதையில் வரும் ஈ அது. வீடு மெழுகுகிற மும்முரத்தில் தன் பெயரையே மறந்துவிட்டது. கன்றுக்குட்டியைக் கேட்டது. கன்றின் தாயை, தாயை மேய்க்கிறவனை, அவன் கைக்கோலை, கோலைத் தந்த மரத்தை என்று ஊரெல்லாம் அலைந்தது. பாட்டி மொச்சை உரித்துக்கொண்டே சொல்வாள். புது ஆள் வரும்போதெல்லாம் நாங்கள் கன்றிலிருந்து தொடங்கி மூச்சுவிடாமல் ஒப்பிக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி கன்று. நான் எப்போதும் குளத்து மீனை விட்டுவிடுவேன். “மீனு துள்ளிப் போயிடுச்சா?” என்று மொச்சைத் தோலை என் மேல் எறிவாள். கடைசியில் குதிரை கனைக்கும்: ஈஈஈ! ஈக்குப் பெயர் கிடைத்த சந்தோஷத்தில் கூடமே கனைக்கும்.

தன் பெயரைச் சொல்லத் தெரியாத ஈ, அடுத்தவர் பெயரையெல்லாம் சொல்லவைக்கிறது! ஆனால் ஆங்கிலத்து ஈயும் பிறவி ஊமை இல்லை. 14ஆம் நூற்றாண்டில், கவிஞர் சாசர் காலத்தில், ‘நேம்’ என்ற சொல் ஏறக்குறைய ‘நாம’. இரண்டு அசை, கடைசி உயிருக்கும் குரல் உண்டு. நம் நாமத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. பிறகு வால் தேய்ந்து உதிர்ந்தது. ‘நா’ தலைமுறை தலைமுறையாக உருண்டு ‘நே’ ஆயிற்று. வாயை விட்டுப் போன ஈ ஏட்டை விட்டுப் போகவில்லை. 1582இல் ரிச்சர்ட் மல்காஸ்டர் என்ற லண்டன் தலைமையாசிரியர், உயிர் நீள்வதற்கு அடையாளமாக அதையே முறையாக எழுதலாம் என்று ஒரு புத்தகத்தில் வாதாடினார். தொண்டை கட்டியவருக்கு வேறு வேலை போட்டுக்கொடுத்த மாதிரி.

“அப்ப கிவ், லவ்ல ஏன் மேஜிக் இல்ல?” பேத்தி விடவில்லை. ஆங்கிலத்தில் ‘வி’ சொல்லின் கடைசியில் தனியாக நிற்கக் கூசும்; அங்கே ஈ வெறும் துணை. இது நமக்குப் புரியாததா? பஸ்ஸைத் தனியே விட மனமில்லாமல் ‘பஸ்ஸு’ என்று ஓர் உகரத்தைக் கூட அனுப்புகிறவர்கள் நாம்.

ஆனாலும் நம் வாயில் எந்த மந்திரமும் முழுசாகப் பலிப்பதில்லை. ஆங்கிலத்தில், தண்ணீர் வருகிற டேப்புக்கு ஈ கிடையாது. தையல்காரர் கழுத்தில் தொங்குகிற டேப்புக்கு உண்டு. நமக்கு இரண்டும் டேப்தான். ஈ வந்தாலும் ஒன்று, போனாலும் ஒன்று.

அவள் நோட்டு லேபிளில் ‘நேம்’ என்று அச்சடித்திருந்தது. அதன் வாலிலும் ஓர் ஈ. அதைக் காட்டி, பாட்டி கதையைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னேன். கன்று, பசு, ஆயன், கோல், மரம் எல்லாம் வரிசையாக வந்தன.

மீனை விட்டுவிட்டாள்.