அடிக்காத மாவு

கைமணம் என்ற பேச்சில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். நம் வீடுகளில் அந்தப் பட்டத்தை யாருக்குச் சூட்டினார்களோ, அவரை அடுப்படியை விட்டு வெளியே வர விட்டதில்லை. "உன் கைக்குத்தான் அந்த ருசி வருது" என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறைப் பெண்களை அம்மியோடும் ஆட்டுக்கல்லோடும் கட்டிப் போட்டோம். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் காலை வேளைக்குச் சுடும் பிஸ்கட் எனக்குப் பழகிய பிறகு, மிச்சமிருந்த பாதியும் தேய்ந்துவிட்டது.

டீயில் தோய்த்துத் தின்னும் மொறுமொறு பிஸ்கட்டைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். வட கரோலினா, டென்னசி, ஜார்ஜியா பக்கம் பிஸ்கட் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற, இரண்டு விரல் உயரம் எழும்பிய ரொட்டி. மேலே பொன்னிறமாக இருக்கும், பிட்டால் மெத்தென்று ஆவி பறக்கும். ஈஸ்ட் கிடையாது. மாவு பொங்குவதற்குக் காத்திருக்கும் வேலையும் கிடையாது. கிண்ணத்தை எடுத்ததிலிருந்து தட்டில் வைப்பது வரை அரை மணி நேரம் தாராளம். நானிருக்கும் வட கரோலினாவின் கேரி நகரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வார இறுதியில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு, போஜாங்கில்ஸ் கடையின் கார் வரிசையில் நின்று முட்டை வைத்த பிஸ்கட் வாங்கிப் போகும் அப்பாக்களை நான் அறிவேன். 1977-இல் இதே மாநிலத்தின் சார்லட் நகரில் தொடங்கிய கடை அது. பொரித்த கோழிக்கும் பிஸ்கட்டுக்கும் பேர்போனது.

ஆனால் வீட்டில் சுட்டதைத் தின்றவர்களுக்குக் கடைச் சரக்கு இரண்டாம்பட்சம்தான்.

எதிர்வீட்டு அம்மா கிழக்குக் கரோலினாவின் புகையிலைக் காட்டுப் பக்கம் பிறந்தவர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கோவில்பட்டியிலிருந்து என் மாமியார் வந்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் செய்து காட்டினார். எங்களுக்காகப் பன்றிக் கொழுப்பை விட்டுவிட்டு வெண்ணெய் எடுத்தார். அகலமான மரக் கிண்ணத்தில் மாவு. அதில் குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் உதிர்த்துவிட்டு, நடுவில் குழி பறித்து மோரை ஊற்றினார். ஓரத்து மாவை உள்ளே இழுத்து நாலு புரட்டுப் புரட்டினார். அவ்வளவுதான். மாவு கட்டியும் முட்டியுமாக, கையில் ஒட்டிக்கொண்டு, லட்சணமே இல்லாமல் கிடந்தது. அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, அந்தம்மா மாவப் பெசையவே இல்லியே! நான் வேணா கொஞ்சம் பெசஞ்சு குடுக்கட்டுமா?" என்று என் காதில் கேட்டார்.

அத்தை கேட்டதில் தப்பில்லை. நாம் மைதாவைப் பரோட்டா வழியாக அறிந்தவர்கள். மைதாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற வலையாகும். பிசையப் பிசைய வலை இறுகும், இழுத்தால் நீளும். பரோட்டா மாஸ்டர் அந்த வலைக்காகத்தான் மாவை அடித்து, எண்ணெயில் ஊறப்போட்டு, கண்ணாடி போல ஆகும்வரை வீசுகிறார். பிஸ்கட்டுக்கு அதே வலைதான் எதிரி. வலை எவ்வளவு தளர்வாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாக மாவு எழும்பும், வாயில் வைத்தால் உதிரும். அரை நிமிடம் கூடுதலாகப் பிசைந்தால் பந்து போல வரும். வெண்ணெயும் முழுதாகக் கரைந்துவிடக் கூடாது. மாவுக்குள் துணுக்குத் துணுக்காகக் கிடக்கும் குளிர்ந்த வெண்ணெய் ஓவன் சூட்டில் உருகும்போது, அதிலுள்ள நீர் ஆவியாகி மாவைத் தூக்கும். அடுக்கு அடுக்காகப் பிரிவது அதனால்தான்.

தட்டு வெளியே வந்தது. அத்தை ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நானும் கடமைக்கு ஆங்கிலத்தில் அவருடைய கையைப் புகழ்ந்தேன். அவர் சிரித்தார். கையில் ஒன்றுமில்லை, மாவுப் பையைப் பார் என்றார்.

பையில் ஒயிட் லில்லி என்று எழுதியிருந்தது. 1883-இல் டென்னசியின் நாக்ஸ்வில் நகரத்தில் தொடங்கிய மாவு. இலையுதிர் காலத்தில் விதைத்து, குளிரைத் தாங்கி, கோடைத் தொடக்கத்தில் அறுக்கும் சிவப்பு மென்கோதுமையில் அரைப்பது. நூற்றுக்கு 8, 9 பங்குதான் புரதம் இருக்கும். பெரிய ரொட்டிகளுக்கு வடக்குச் சமவெளிகளில் விளையும் வன்கோதுமை வேண்டும், அதன் மாவில் புரதம் 12-க்கு மேல். தெற்கின் மண்ணும் தட்பவெப்பமும் தந்த மென்கோதுமை ஈஸ்ட் ரொட்டிக்கு லாயக்கில்லை, பிஸ்கட்டுக்கு வரம். அதனால்தான் நியூயார்க்கிலோ சிகாகோவிலோ வாங்கிய மாவில் பாட்டியின் பிஸ்கட் வரவில்லை என்று புலம்பும் தெற்கத்திக்காரர்களை எங்கும் பார்க்கலாம். அவர்கள் தொலைத்தது பாட்டியின் கையைக் காட்டிலும் பாட்டி வாங்கிய மாவை. 2008-இல் நாக்ஸ்வில் ஆலையை மூடி, அரைப்பதை வேறு மாநிலங்களுக்குக் கொண்டுபோனபோது, பழைய மாவு போல இல்லை என்று பல சமையற்காரர்கள் முகம் சுளித்தார்கள். எதிர்வீட்டு அம்மா இன்னும் சுளித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த எளிமை நேற்று வந்தது. பேக்கிங் பவுடருக்கு முந்தைய காலத்தில் தெற்கின் பணக்கார வீடுகளில் பேர்பெற்றிருந்தது அடித்த பிஸ்கட். மேரி ராண்டால்ஃப் 1824-இல் வெளியிட்ட வர்ஜீனியாச் சமையல் புத்தகத்தில், மாவை உலக்கையால் அரை மணி நேரம் அடிக்கச் சொல்லும் குறிப்பு இருக்கிறது. மரக்கட்டையின் மேல் மாவைப் போட்டு, சுத்தியலாலோ கோடரியின் பின்புறத்தாலோ, மாவு பளபளத்துக் கொப்புளம் வெடிக்கும்வரை அடிப்பார்கள். அடித்தவர்கள் யார்? புத்தகம் எழுதிய சீமாட்டி இல்லை. தோட்ட வீடுகளின் பின்கட்டில், கூலியே இல்லாமல், விடிவதற்கு முன் எழுந்த அடிமைப் பெண்களும் சிறுவர்களும். விருந்தாளிகள் பிஸ்கட்டைப் புகழ்ந்தார்கள், வீட்டுக்காரி அந்தப் புகழைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கைகளில் ஒன்று பிற்பாடு தன் பெயரிலேயே புத்தகம் போட்டது. அடிமையாகப் பிறந்த ஆபி ஃபிஷர், விடுதலைக்குப் பின் அலபாமாவின் மொபீலிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு 1881-இல் அச்சான சமையல் புத்தகத்தின் தொடக்கத்திலேயே மேரிலாந்து அடித்த பிஸ்கட் இருக்கிறது.

அடியை ஒழித்தது வேதியியல். ஆப்பசோடாவும் புளிப்பும் சேர்ந்தால் கரியமில வாயு வரும் என்பது ஆப்பத்துக்கு மாவு கரைக்கும் யாருக்கும் தெரியும். இங்கிலாந்தில் ஆல்ஃப்ரெட் பேர்ட் என்ற மருந்தாளுநர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1843-இல் ஒரு பேக்கிங் பவுடரை உண்டாக்கினார். ஹார்வர்டில் வேதியியல் கற்பித்த எபென் ஹார்ஸ்ஃபோர்ட் 1856-இல் பாஸ்பேட் சேர்த்த கலவைக்குக் காப்புரிமை பெற்றார். உள்நாட்டுப் போருக்குப் பின் உருளை ஆலைகளும் ரயிலும் கோதுமை மாவின் விலையை இறக்கின. அதுவரை வாரம் முழுக்கச் சோள ரொட்டி தின்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிஸ்கட் பார்த்த ஏழை வீடுகளில் அது தினசரிச் சாப்பாடானது. உலக்கை தேவையில்லை, ஒரு மேசைக்கரண்டிப் பொடி போதும். சமையலறையில் வந்த விடுதலைகளில் இதைச் சின்னது என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த வேகத்திலும் ஒரு கை மறைந்துபோன கதை உண்டு. 1930-இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி கார்ல் ஸ்மித், சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகும் ரயிலில் நேரங்கெட்ட நேரத்தில் சாப்பாடு கேட்டார். கொஞ்ச நேரத்தில் சூடான பிஸ்கட் வந்தது. எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று விசாரித்தால், ரயில் சமையல்காரர் மாவையும் கொழுப்பையும் பேக்கிங் பவுடரையும் உப்பையும் முன்கூட்டியே கலந்து ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார். மறுவருஷம் பிஸ்குயிக் என்ற பெயரில் அந்த யோசனை நாடெங்கும் விற்பனைக்கு வந்தது. அதிகாரியின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. சமையல்காரருக்கு அந்தக் கதையில் பெயரே இல்லை.

எட்னா லூயிஸைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் கட்சி ஒருதலைப்பட்சமாகிவிடும். விடுதலை பெற்ற அடிமைகள், அவருடைய தாத்தாவும் சேர்ந்து, உருவாக்கிய ஃப்ரீடவுன் என்ற வர்ஜீனியா ஊரில் 1916-இல் பிறந்தவர். 1976-இல் வந்த அவருடைய கிராமத்துச் சமையல் நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. கடைப் பேக்கிங் பவுடரின் உலோக வாடை பிடிக்காமல், டார்டார் உப்பையும் ஆப்பசோடாவையும் சேர்த்துத் தன் பொடியைத் தானே கலந்துகொண்டார். ஓவனில் இருக்கும் கேக்கின் சத்தத்தைக் காதால் கேட்டே பதம் சொல்வார். இதைக் கைமணம் என்று சொன்னால் அவருடைய அறிவைக் குறைத்துச் சொல்வதாகும். எந்தப் பொடி எப்போது வேலை செய்யும், எந்தக் கோதுமை எதற்கு ஆகும் என்று படித்துக்கொண்ட படிப்பு அது. படிப்பென்றால் யாரும் படிக்கலாம்.

ஆகவே நம்மூர் அடுப்படியிலும் படிக்கலாம். மைதா 2 கப், அதாவது சுமார் 250 கிராம். நம் மைதா ஒயிட் லில்லி அளவுக்கு மென்மையாக இராது. ஒவ்வொரு கப்பிலும் 2 மேசைக்கரண்டி மைதாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோளமாவு, கஸ்டர்டுக்குப் போடும் வெள்ளைச் சோளமாவு, சேர்த்தால் புரதம் இறங்கும். பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, ஆப்பசோடா கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. பேக்கிங் பவுடர் பழையதென்றால் முதலில் கொஞ்சம் வெந்நீரில் போட்டுப் பாருங்கள், நுரைக்காவிட்டால் குப்பையில் போடுங்கள். வெண்ணெய் 60 முதல் 80 கிராம். கடையில் கிடைக்கும் மஞ்சள் வெண்ணெயில் ஏற்கெனவே உப்பு உண்டு, அதற்கேற்ப உப்பைக் குறைக்க வேண்டும்.

சென்னை வெயிலில் வெண்ணெயை விரலால் உதிர்க்கப் போனால் அது விரலிலேயே உருகும். ஃப்ரீசரில் கல்லாக்கி, காரட் துருவும் துருவியில் துருவி மாவில் தூவுங்கள். விரலே பட வேண்டாம். அப்புறம் மோர். அமெரிக்கக் கடை மோர் கெட்டியானது, புளித்தது. நம் வீட்டு நீர்மோரை ஊற்றினால் மாவு தோசைக்குப் போய்விடும். புளித்த தயிர் அரை கப்பில் கால் கப் குளிர்ந்த பால் கலந்துகொண்டால் கணக்குச் சரி. ஊற்றி, முள்கரண்டியால் கிளறி, உலர்ந்த மாவு கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

மாவு தூவிய பலகையில் கொட்டி, கையால் தட்டி, மூன்று நான்கு முறை மடித்து மடித்துத் தட்டுங்கள். ஒரு அங்குலக் கனம் வேண்டும். எவர்சில்வர் டம்ளரால் வட்டம் வெட்ட ஆசை வரும். அதன் தடித்த விளிம்பு மாவின் ஓரத்தை நசுக்கிவிடும், நசுங்கிய ஓரம் எழும்பாது. கூரிய கத்தியால் நேராக அழுத்திச் சதுரங்களாக வெட்டினால் மிச்சமும் இல்லை, மறுபடி திரட்டும் வேலையும் இல்லை. வட்டம்தான் வேண்டுமென்போர் அச்சைத் திருகாமல் இறக்கி, திருகாமல் எடுக்க வேண்டும். தட்டில் ஒன்றையொன்று தொட்டாற்போல அடுக்குங்கள். பக்கவாட்டில் பரவ இடமில்லாமல் மேலே எழும்பும். இங்கே 475 டிகிரி பாரன்ஹீட், அதாவது 245 செல்சியஸ் வைத்து 12 நிமிடத்தில் எடுப்பார்கள். உங்கள் ஓவன் 220-க்கு மேல் போகாதென்றால் 16, 17 நிமிடம் ஆகும். ஓவன் முழுச் சூட்டில் இருக்கும்போதுதான் தட்டு உள்ளே போக வேண்டும், இதில் சமரசம் கூடாது.

தொட்டுக்கொள்ள இங்கே பன்றி சாசேஜ் கொழுப்பில் மாவை வறுத்து, பால் ஊற்றி, மிளகுத்தூள் தூக்கலாகப் போட்ட வெள்ளைக் கிரேவி முதலிடம். மலைப் பக்கத்தில் தக்காளிக் கிரேவியும் உண்டு. அத்தை இரண்டையும் விட்டுவிட்டு, எங்கள் வீட்டிலிருந்து தக்காளித் தொக்கை எடுத்துவரச் சொன்னார். எதிர்வீட்டு அம்மா அந்தப் பாட்டிலைத் திருப்பித் தரவேயில்லை.

உங்கள் வீட்டில் முதல் தடவை இதைச் செய்கிறவர் சமையல் பழகாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. மாவை அடித்துப் பிசைந்து பழகிய கையை அடக்குவதுதான் இதில் கடினம், அந்தப் பழக்கமே இல்லாதவருக்கு அந்தத் தொல்லையும் இல்லை. வெட்டிய துண்டுகளை ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது இரண்டு மூன்று நிமிடம் கூட்டி நேராகச் சுடலாம். சுட்டதை மட்டும் சேர்த்து வைக்காதீர்கள், ஆறினால் ஒரு மணி நேரத்தில் சப்பென்றாகிவிடும். சாப்பிடுகிறவர்களை முதலில் உட்கார வைத்துவிட்டு, அதன் பிறகு தட்டை ஓவனுக்குள் தள்ளுங்கள்.