வெள்ளியங்கிரிக்கு ஒரு மூட்டை

மலையேறுவது கால்களின் வேலை என்பர். அதில் பாதி, முதல்நாளே மூட்டை கட்டும் கைகளின் வேலை என்பேன் நான்.

மாசி பிறந்தால் எங்கள் ஆர்.எஸ்.புரத்திலும் வெள்ளியங்கிரிப் பேச்சு எழும். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகள்; உச்சியின் உயரமோ ஏறத்தாழ 6000 அடி. முதல் மலைப் படிகளில் வியர்வை ஆறாய் ஓடும். ஏழாம் மலையில் குளிர்காற்று எலும்பைத் துளைக்கும். ஆகவே பருத்திச் சட்டையோடு கம்பளிச் சட்டையும் வேண்டும். இருளில் ஏறுவோர்க்கு டார்ச் விளக்கு, பசிக்குக் கடலை உருண்டை, களைப்புக்குக் குளுக்கோஸ், மூன்றாம் காலாக மூங்கில் தடி. பாம்பாட்டிச் சுனையும் கைதட்டிச் சுனையும் வழியில் இருப்பதால், தண்ணீருக்கு ஓர் எவர்சில்வர் பாட்டில் போதும். பிளாஸ்டிக் வேண்டாம், அது யானைகள் வாழும் காடு. அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதித்தே அனுப்புகின்றனர்.

2025-இல் என் மூட்டையைக் கட்டித் தந்தவர் அப்பா. இளமையில் ஆண்டுதோறும் ஏறியவர். இன்று நெஞ்சு வலிக்கு மாத்திரை உண்பவர். 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் மலையேறச் சென்ற சிலர் வழியிலேயே உயிரிழந்த செய்தி எங்கள் வீட்டையும் உலுக்கியிருந்தது. இதய நோயுள்ளோர் ஏற வேண்டாம் என்று வனத்துறையும் கேட்டுக்கொள்கிறது.

"நான் கீழயே உக்காந்திருக்கறேன் கண்ணு. நீ பாத்துப் போயிட்டு வா" என்று தம் பழைய தடியை என்னிடம் நீட்டினார். அச்சொல் அவருக்கு எளிதில் வந்திராது.

நண்பர்களே! பையில் எதை வைப்பது என்று எண்ணுமுன், உடல் எதைத் தாங்கும் என்று எண்ணுங்கள். மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். நாமும் இருக்க வேண்டுமல்லவா?