பொங்கல் விடுமுறையில் ஜி.எஸ்.டி. சாலை

கத்திப்பாராவில் தொடங்கித் தெற்கே இறங்கும் ஜி.எஸ்.டி. சாலைதான் சென்னையிலிருந்து தென் மாவட்டங்களுக்குப் போகிறவர்களின் முதன்மை வழி. தேசிய நெடுஞ்சாலை 45 என்றிருந்தது, புதிய எண் வரிசையில் திண்டிவனம் வரை 32 ஆகிவிட்டது. திருச்சிக்காரரும் மதுரைக்காரரும் நெல்லைக்காரரும் கும்பகோணத்துக்காரரும் திண்டிவனம் வரை இந்த ஒரே சாலையில்தான் உருள வேண்டும். ஆண்டு முழுவதும் நெரிசல் உண்டென்றாலும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அது வேறு கணக்கு.

பண்டிகைப் போக்குவரத்துக்குத் திசை உண்டு. போகிக்கு முந்தைய மாலை முதல் வெள்ளம் தெற்கு நோக்கிப் பாய்கிறது. காணும் பொங்கலன்று திரும்பத் தொடங்கி, விடுமுறையின் கடைசி நாளில் வடக்கு நோக்கி உச்சமடைகிறது. ஊருக்குப் போய்த் தங்குகிறவர் இந்த வெள்ளத்தில் ஒரு நாள் போகிறார், இன்னொரு நாள் வருகிறார். காலையில் காரில் கிளம்பி இரவுக்குள் திரும்ப நினைப்பவர் இரண்டு திசையிலும் ஒரே நாளில் ஓட்ட வேண்டியிருப்பதால், வெள்ளம் பாயும் எந்த நாளைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு பாதி எளிதாகவும் மறுபாதி கடினமாகவும் அமையும். சென்னையிலிருந்து எண்பது கிலோமீட்டர் அளவிலுள்ள வேடந்தாங்கலுக்குக் காணும் பொங்கலன்று போய்வரும் பயணம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

காலையில் தாம்பரம், பெருங்களத்தூர் வரை நகரத்து நெரிசல்தான். ஒரு காலத்தில் பெருங்களத்தூரில் பேருந்துகள் சாலையோரமே நின்று ஆளேற்றியதில் கார்கள் மணிக்கணக்கில் நகராது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் தென் மாவட்ட அரசுப் பேருந்துகள் அங்கிருந்து புறப்படுகின்றன. நெரிசல் ஒழியவில்லை, சில கிலோமீட்டர் தெற்கே தள்ளிப் போயிருக்கிறது. அதற்கு முன்னாலுள்ள வண்டலூர் காணும் பொங்கலுக்கென்றே வாய்த்த இடம். உயிரியல் பூங்காவுக்கு வரும் குடும்பங்கள், சாலையைக் கடக்கும் குழந்தைகள், நிறுத்த இடம் தேடும் வேன்கள் எனக் காலை பத்து மணிக்கே அங்கே ஊர்ந்துதான் போக முடியும். பண்டிகை நாளில் ஒரு சிறு நன்மையும் உண்டு. தொழிற்சாலைகளுக்கு விடுமுறை என்பதால் சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பில் ஒரகடம் சாலையிலிருந்து வந்து சேரும் கனரக லாரிகள் குறைவு.

பரனூர் சுங்கச்சாவடியை ஒட்டித்தான் சாலையின் உண்மையான சிக்கல் இருக்கிறது. எல்லோரும் சாவடியைத் திட்டுகிறார்கள். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபின் ஒரு வண்டி சாவடியைத் தாண்ட ஆகும் நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. கணக்கில் பணம் இல்லாமல் வந்து நிற்கும் ஒரு கார் முழு வரிசையையும் கெடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் சாலையின் அகலம். பெருங்களத்தூரிலிருந்து எட்டு வழியாக விரிந்து வரும் சாலை, செங்கல்பட்டை நெருங்கும் இந்த இடத்தில் நான்கு வழியாகச் சுருங்கிவிடுகிறது. நான்கு வரிசையில் வந்த வண்டிகள் இரண்டு வரிசையாக வேண்டும். இடப்பக்க மண்ணில் இறங்கி முந்துகிறவர்கள் மீண்டும் உள்ளே நுழையும் இடத்தில் பின்னாலுள்ள எல்லாரும் பிரேக் பிடிக்கிறார்கள்.

பிரேக் பிடிப்பது சின்ன விஷயமில்லை. 2008-இல் வெளியான ஆய்வொன்றில், ஜப்பானில் யூகி சுகியாமா குழுவினர் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓடச் சொல்லிப் பார்த்தார்கள். குறுகிய இடமோ விபத்தோ எதுவும் இல்லாமலேயே சற்று நேரத்தில் நெரிசல் உருவாகி, கார்கள் போகும் திசைக்கு எதிராக மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. ஒருவர் சற்று அழுத்தமாகப் பிரேக் பிடித்தால் பின்னவர் அதைவிட அழுத்தமாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தொலைவில் யாரோ ஒருவர் முழுவதுமாக நின்றுவிடுகிறார். அரை மணி நேரம் நின்றுவிட்டு நகரும்போது, முன்னால் விபத்து ஏதும் இல்லையே என்று ஓட்டுநர் குழம்புவதற்குக் காரணம் இதுதான். முன் வண்டியோடு இடைவெளி விட்டு ஒரே சீராக ஓட்டுவதே இதற்கு மருந்து. ஜி.எஸ்.டி. சாலையில் அந்த இடைவெளியை விட்டால் அதில் ஒரு ஆட்டோ நுழைந்துவிடும்.

செங்கல்பட்டுக்குமுன் வலப்புறம் கொளவாய் ஏரி தெரிகிறது. பிறகு பாலாற்றுப் பாலம். அதையடுத்த படாளம் கூட்டுச்சாலையில் வலப்புறம் திரும்பினால் நெடுஞ்சாலை ஓய்ந்து, வயல்களுக்கு நடுவே போகும் ஊர்ச்சாலை தொடங்குகிறது.

வேடந்தாங்கல் சிறிய ஏரி. நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் கூடு வைக்கின்றன. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதால் ஊரார் தலைமுறைகளாக இவற்றைக் காத்து வந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் பாதுகாப்புக்கு உத்தரவும் வாங்கினார்கள். 1936-இல் சரணாலயமாக அங்கீகாரம், 2022-இல் ராம்சார் தகுதி எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. தீபாவளிக்குக்கூட இவ்வூரில் வெடி வெடிப்பதில்லை. காணும் பொங்கலுக்கு வருகிற கூட்டத்தில் சிலருக்கு இது தெரியாமல் வாகன நிறுத்துமிடத்தில் பாட்டை அலறவிடுகிறார்கள்.

இரை தேடப் போன பறவைகள் கூடு திரும்பும் மாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரைதான் இங்கே பார்க்கத் தகுந்த நேரம். நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிய வெள்ளம் பெருகுவதும் அதே நேரம். ஊரிலிருந்து திரும்பும் கார்களும் ஆம்னி பேருந்துகளும் போதாதென்று, தைப்பூசம் வரை மேல்மருவத்தூருக்குச் செவ்வாடையில் வந்துபோகும் பக்தர்களின் வண்டிகளும் சேர்ந்துகொள்கின்றன. பறவைகளை முழுவதும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர் பாலாற்றுப் பாலத்திலேயே நின்றுவிடுவார். பண்டிகை நாட்களில் காவல்துறை கார்களுக்குச் சொல்லும் மாற்று வழி, செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாக ஓ.எம்.ஆர். சாலையை அடைவது. சற்றுச் சுற்றுதான். தென்சென்னைக்குப் போகிறவருக்கு அதுவே நல்ல வழி. வரைபடச் செயலி காட்டும் கிராமத்துக் குறுக்குச் சந்துகளை நம்பக்கூடாது. நூறு கார்களுக்கு அது அதே சந்தைத்தான் காட்டியிருக்கும்.

வேடந்தாங்கலுக்கு ஒரு நாள் பயணமாகப் போக விரும்புகிறவர்கள் காணும் பொங்கலை விட்டுவிட்டு, தை முதல் நாள் மதியம் கிளம்பலாம். போனவர்கள் ஊர் சேர்ந்திருப்பார்கள், திரும்புகிறவர்கள் இன்னும் புறப்பட்டிருக்க மாட்டார்கள். வீட்டில் பொங்கல் வைத்து முடித்த கையோடு கிளம்பப் பெரியவர்களிடம் அனுமதி வாங்குவது மட்டும் அவரவர் சாமர்த்தியம். ஃபாஸ்டேக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.