கிண்ணம் கற்பித்த கண்

மண்பாண்டம் என்றாலே மலிவு என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். ஜப்பானியர் அவ்வாறு எண்ணவில்லை. தேநீர்க் கலை வல்லுநர் சென் நோ ரிக்யூவின் (1522–1591) விருப்பத்திற்கேற்ப, சோஜிரோ என்பவர் சக்கரமின்றிக் கையாலேயே கிண்ணங்களை உருவாக்கினார் என்பர். அதுவே ‘ராகு’ மரபு. கொரியக் குயவர் எளியோர் புழக்கத்திற்குச் செய்ததாகப் பலர் கருதும் கிண்ணம் ஒன்றோ, ‘கிசாயெமோன்’ என்ற பெயருடன் இன்று ஜப்பானின் தேசியச் செல்வம்!

இக்கலை நம் கடற்கரைக்கும் வந்தது. ஜப்பானின் பிசென் நகரில் பயின்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் இணைந்து 1971இல் புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ்’ மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார். அங்குப் பயின்றோர் பலர் தனிச்சூளை அமைத்தனர். அவ்வழி வந்த கிண்ணம் ஒன்றை மாமல்லபுரத்துக் கடையில் கண்டேன். நூல்கள் கூறியவாறு கவிழ்த்து அடிவளையத்தைப் பார்த்தேன். பளபளப்புப் பூச்சு படாத அவ்விடத்தில்தான் மண்ணின் இயல்பும் கையின் பக்குவமும் தெரியும். இரு கைகளிலும் ஏந்தினேன். கனம் இதமாக இருந்தது. விலை ரூ.700. டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் வாங்கினேன்.

செங்கற்பட்டுக்கு அருகில் குயத்தொழில் செய்பவர் என் தாத்தா. விலை கேட்டு அம்மா திகைத்தார். தாத்தாவோ கிண்ணத்தைச் சுண்டி ஒலி கேட்டார். கவிழ்த்து அடியைத் தடவினார். “நல்லா வெந்திருக்குப்பா. நிதானமான கை” என்றார். அந்நூல்கள் எதையும் படித்தறியாதவர் அவர்! அவருடைய பொங்கல் பானைக்கோ ரூ.100 தரவும் நாம் பேரம் பேசுகிறோம்.

நண்பர்களே, கலைப்பொருள் சேர்ப்பவன் முதலில் தேட வேண்டியது பார்க்கும் கண். வரும் பொங்கலுக்கு ஒரு பானையைக் கவிழ்த்துப் பாருங்கள். விலை குறைக்கச் சொல்ல நா எழாது.