ஒரு மைனருக்குப் புல்லட் தேடி

பழைய கார் நிற்கிற வீட்டுக்கு வாறவை எல்லாரும் இன்ஜினைப் பற்றித்தான் விசாரிப்பினம். "எண்ணெய் குடிக்குதோ? புகை தள்ளுதோ?" வயரைப் பற்றி ஒருத்தரும் கேட்கிறதில்லை.

எங்கள் வீட்டில் நிற்பது மொறிஸ் மைனர் 1000. அம்மப்பா வாங்கியது, இப்போது மாமா ஓடுகிறார். கல்யாண ஹயர், அம்மம்மாவின் கிளினிக், இடைக்கிடை கிளிநொச்சிப் பயணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய அல்ற்றோவின் விலைகூட எங்களுக்கு எட்டாத இடத்துக்கு ஏறிவிட்டது. 2025இல் திரும்பத் திறந்தார்கள்தான். வரியையும் சேர்த்துப் பார்த்தால் எங்களுக்கு அது திறந்த மாதிரி இல்லை. ஆகவே இதுதான் கார். இது இல்லாவிட்டால் ஓட்டோ.

போன வருடம் முன்லைற் மங்கத் தொடங்கியது. டிம் போட்டால் சிமிலி விளக்கு மாதிரி மஞ்சளாக எரியும். ஒருநாள் இரவு ஆனையிறவுக்குக் கிட்ட இரண்டும் சேர்ந்து அணைய, மாமா ஒரு லொறியின் பின்லைற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தார். விடிந்ததும் சொன்ன முதல் வசனம், "வித்துப்போடுவம்." வாங்குவதற்குக் கொழும்பில் ஆளும் இருந்தது.

பல்ப் புதுசு, பற்றரி நல்லது. அப்படியென்றால் குற்றம் நடுவில் எங்கேயோ. காரின் வயர் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி, தேவையான இடத்தில் கிளை பிரித்து விட்டிருப்பதைத்தான் ஹார்னஸ் என்கிறோம். ஒரு கட்டு இன்னொரு கட்டைச் சந்திக்கிற இடத்தில் கனெக்டர். மைனரில் அது 'புல்லட்': வயர் நுனியில் சின்னப் பித்தளைக் குண்டு, அது போய் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ள றப்பர் உறைக்குள் ஒரு பித்தளைக் குழாய். அறுபது வருடக் கடற்காற்றில் அந்தக் குழாய் நெகிழ்ந்து, பச்சை பிடித்துவிடும்.

ஏ.எல்லில் தொழில்நுட்பப் பிரிவு படித்ததில் எனக்கு மிஞ்சிய ஒரே சொத்து ஒரு மல்ரிமீற்றர். லைற்றைப் போட்டுவிட்டு, கனெக்டரின் இரண்டு பக்க வயர்களிலும் அதன் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல கனெக்டர் என்றால் 0.1 வோல்ற்றுக்குள் நிற்கும். டிம் லைற்றுக்குப் போகிற நீல-சிவப்பு வயரின் கனெக்டர் 1.5 காட்டியது. கணக்கு லேசு. 45 வாற் பல்ப் இரண்டு என்றால் 12 வோல்ற்றில் 7.5 அம்பியர். 7.5 அம்பியரும் 1.5 வோல்ற்றும் சேர்ந்தால் 11 வாற்றுக்குக் கொஞ்சம் கூட. 25 வாற் சோல்டரிங் அயனின் கிட்டத்தட்டப் பாதிச் சூட்டை, விரல் நுனி அளவான ஒரு றப்பர் உறைக்குள் வைத்துக்கொண்டு மாமா ஆனையிறவு வரைக்கும் போய்வந்திருக்கிறார்.

பியூஸ் எரிந்து காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். மைனரில் மொத்தமே இரண்டு பியூஸ்தான், இரண்டும் 35 அம்பியர், முன்லைற் அதில் எதிலும் இல்லை. இருந்தாலும் உதவியிருக்காது. பியூஸ் எரிவது கரண்ட் கூடினால். பச்சை பிடித்த கனெக்டர் கரண்டைக் குறைத்துக்கொண்டே சூடாகும்.

கராஜில் சொன்னபோது அண்ணை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "உதை வெட்டி எறிஞ்சுபோட்டு வயரை முறுக்கி ரேப் சுத்துவம் தங்கச்சி. அரை மணித்தியால வேலை." எங்கள் ஊரில் முக்கால்வாசிக் கார்களின் பொனற்றுக்குள் இந்த அரை மணித்தியாலங்கள்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. முறுக்கினாலும் லைற் எரியும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கனெக்டர் கழற்றிப் பூட்டுவதற்காக இருக்கிற சாமான். அதை வெட்டிவிட்டால் அடுத்தமுறை குற்றம் பார்க்கவும் வெட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் வயர் ஒரு அங்குலம் குறையும். கடைசியில் எது எங்கே போகிறது என்று அந்த அண்ணைக்கு மட்டும்தான் தெரியும். அவரும் வெளிநாடு போய்விட்டால் சரி.

ஆகவே புல்லட் தேடப் புறப்பட்டேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் போய் நின்று "அண்ணை, புல்லட் இருக்கோ?" என்று கேட்பதில் உள்ள பகிடியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரண்டு கடையில் சிரித்தார்கள். ஒரு கடையில் "கராஜ்காரர் ஆரையும் அனுப்புங்கோ பிள்ளை" என்றார்கள். நாலாவது கடையில் ஒரு பக்கற் எடுத்து வைத்தார்கள். பார்க்க அச்சொட்டாக அதுவேதான்.

இந்த இடத்தில்தான் கவனம். அது மோட்டார் சைக்கிளுக்கு வருகிற ஜப்பான் அளவு. வேர்னியரில் பிடித்தால் 3.9 மில்லிமீற்றர். மைனரின் லூக்காஸ் புல்லட் 4.7, அதாவது ஒரு அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்கு. சின்னது பெரிய குழாய்க்குள் சுகமாகப் போகும், லைற்றும் எரியும். ஆனால் பிடிப்பு இராது. ஆடும், பொறிக்கும், பழையபடி சூடாகும். கடைக்காரர் "போகுதுதானே பிள்ளை" என்றார். போகுதுதான்.

பிறகு கொழும்பில், பஞ்சிகாவத்தை. போகாதவர்களுக்காக: மருதானைக்குப் பக்கத்தில் தெரு முழுக்க வாகன உதிரிப்பாகம். ஜப்பான் வாகனங்களில் வெட்டியெடுத்த ஹார்னஸ்கள் புடலங்காய் மாதிரித் தொங்கும். உங்களுடையது பழைய சன்னியோ கொரோலாவோ என்றால் அலைச்சல் அங்கேயே முடியும். கனெக்டரை அரை அடி வயரோடு வெட்டித் தருவார்கள். ஆண், பெண் இரண்டு பாதியையும் வாங்குங்கோ. ஒன்று புதுசும் ஒன்று இளகினதுமாகப் பூட்டிப் பலனில்லை. பிளாஸ்ரிக்கின் பூட்டு நாக்கை நகத்தால் ஒருக்கால் வளைத்துப் பாருங்கோ. பொருபொருவென்று உடைந்தால், அது இன்ஜின் சூட்டில் வெந்து முடிந்த சாமான்.

மைனர் என்றதும் எல்லாரும் கையை விரித்தார்கள். இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. தொண்ணூறுகளில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மைனர் திருத்திவந்த சார்ல்ஸ் வெயர் என்பவர், இலங்கையிலேயே தொழிற்சாலை போட்டு மைனர் பாகங்கள் செய்வித்து அங்கே எடுப்பித்தார். தகரமெல்லாம் இங்கேயிருந்து போனது. எனக்கு வேண்டிய பித்தளைக் குண்டு மட்டும் இங்கே இல்லை.

கையில் பழைய புல்லட் ஒன்று வைத்திருந்தேன். பேரைச் சொன்னால் விளங்காத கடையிலும் சாமானைக் காட்டினால் விளங்கும். என் சிங்களத்துக்கு அதுதான் துணை. மத்தியானம் தாண்டி ஒரு சின்னக் கடையில், தொப்பி போட்ட வயதான ஐயா ஒருவர் அதை வாங்கிக் கையில் உருட்டினார். "மைனரா, ஒக்ஸ்போர்ட்டா மகள்?" என்று தமிழிலேயே கேட்டார். மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கற் ரின் இறங்கியது. வேர்னியரில் 4.7. புல்லட் முப்பது, உறை பன்னிரண்டு வாங்கினேன். சாமான் விலையைவிட பஸ் காசுதான் கூட.

பூட்டுவது பெரிய வித்தையில்லை. வயரைச் சீவி, பித்தளைக் குண்டின் நுனித் துளை வரைக்கும் தள்ளி, அந்தத் துளையில் ஒரு சொட்டு ஈயம் விட்டால் பிடித்துக்கொள்ளும். கஷ்டம் நிறத்தில்தான். துணி சுற்றிய வயர் எல்லாம் வெளியே ஒரே மண்ணிறம். ஆனால் உறைக்குள்ளே ஒளிந்திருக்கிற அரை அங்குலத்தில் வெயில் படாத நிறம் அப்படியே இருக்கும். நீல-சிவப்பு டிம், நீல-வெள்ளை ஹெட், பச்சை-வெள்ளை வலது சிக்னல். ஒவ்வொன்றாகக் கழற்றி, நிறத்தை எழுதி, மாற்றிப் பூட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

டாஷ்போட்டுக்குக் கீழே ஒரு இடத்தில் சைக்கிள் வால்வ் ரியூப் கிடந்தது. இரண்டு வயரைப் பொருத்தி, அதற்கு மேலே அந்தச் சின்ன றப்பர் குழாயை இழுத்துவிட்டிருந்தார்கள். மாமா குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது தொண்ணூறுக்குப் பிறகு. பற்றரி, பெற்றோல் ஒண்டும் வரவிடேல்லை. கார் மண்ணெண்ணெயில ஓடினது. இன்சுலேசன் ரேப்புக்கு எங்க போறது? அப்பா கரியில அயன் காய்ச்சித்தான் உதை ஒட்டினவர்." வெட்டுவதற்கு முன் மீற்றரை வைத்துப் பார்த்தேன். 0.04 வோல்ற். நான் பூட்டிய புதுசுகளில் சிலவற்றைவிடக் குறைவு. அதில் கை வைக்கவில்லை.

டிம் லைற் கனெக்டர் இப்போது 0.06 காட்டுகிறது. கொழும்பு ஆள் இன்னும் இடைக்கிடை கோல் எடுக்கிறார், மாமா "பாப்பம்" என்கிறார். மிச்சப் புல்லட் பதினொன்று நெஸ்ரமோல்ற் ரின்னில் இருக்கிறது. பின் பக்கத்து ஹார்னஸ் இன்னும் தொடவில்லை. அதற்கு இது காணுமோ தெரியாது.