பொட்டைக் குட்டிகள் எங்கே போகின்றன?

தோட்டத்து நாய் குட்டி போட்டிருக்கிறது என்ற சேதி ஊருக்குள் பரவ இரண்டு நாள் போதும். குட்டி கேட்டு வருகிறவர் வாசலில் நின்றபடியே கேட்கும் முதல் கேள்வி, "கடுவன் இருக்குதுங்களா?" என்பதுதான். "ரெண்டு கடுவன், நாலு பொட்டைங்க" என்று வீட்டுக்காரம்மா சொன்னால், வந்தவர் ஒரு கடுவனைத் தூக்கிக்கொண்டு போவார். அடுத்த வாரம் இன்னொருவர் வந்து மற்றதையும் கொண்டுபோவார். நாலு பொட்டைக் குட்டிகளும் தாயின் மடியிலேயே கிடக்கும். பால் மறந்து, கோழிக்குஞ்சைத் துரத்தத் தொடங்கியதும் ஒரு நாள் அவை காலி உரச் சாக்குக்குள் போகும். சாக்கு வண்டியில் ஏறும்.

அந்தச் சாக்கு அவிழ்க்கப்படும் இடங்கள் கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை. சந்தைப்பேட்டை, கறிக்கடை ஓரம், குளத்துக் கரை, கல்யாண மண்டபத்தின் பின்புறம். மனசு கேட்காதவர்கள் இன்னும் கொஞ்ச தூரம் போய், நாய்கள் காப்பகத்தின் கதவோரம் இருட்டோடு இறக்கிவிட்டு வருகிறார்கள். எங்காவது பிழைத்துக்கொள்ளட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால், கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று நின்று பார்த்தவர்கள் குறைவு.

காப்பகத்தின் கணக்கு

100 நாய்களுக்கு இடம் உள்ள ஒரு காப்பகத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். நாய் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி என்று வைத்தாலே நாளுக்கு 30 கிலோ, மாதத்துக்கு 900 கிலோ ஆகிறது. அதே இடத்தில் 250 நாய்கள் சேர்ந்துவிட்டால் மாதத்துக்கு 2,250 கிலோ. இதோடு முட்டையோ கறியோ, மருந்து, தண்ணீர், ஆள் கூலி எல்லாம் தனி.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் நெருக்கடி. ஒரு கொட்டகையில் அளவுக்கு மேல் கோழிகளை அடைத்தால் என்ன ஆகும் என்று பண்ணை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நாய்களுக்கும் அதேதான். சோற்றுத் தட்டில் சண்டை, சொறி, உண்ணி. எல்லாவற்றுக்கும் மேலாக பார்வோ என்ற ரத்தக்கழிச்சல் நோய். தடுப்பூசி போடாத குட்டியை இது சில நாள்களிலேயே கொன்றுவிடும். இந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். கதவோரம் விடப்பட்ட ஒரு சாக்குக் குட்டி நோயோடு வந்தால் உள்ளே இருக்கும் மற்ற குட்டிகளும் போகும். நோயில்லாமல் வந்தால் உள்ளே இருக்கும் நோய் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கிடையில் காப்பகங்களின் சுமை கூடியிருக்கிறது. தெரு நாய்களைப் பிடித்து, கருத்தடை அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக் கூடாது என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடாமல் காப்பகத்தில் வைக்க உத்தரவிட்டது. அந்த நாய்களுக்கும் இடம் வேண்டும். வீட்டுக் குட்டிகளையும் அங்கேயே கொண்டுபோய்த் தள்ளினால் எந்தக் காப்பகமும் தாங்காது.

சாக்கிலிருந்து பட்டிக்கு

சாக்கில் போன குட்டிகளில் பல செத்தாலும் சில பிழைக்கும். பிழைப்பவற்றில் பெரும்பாலானவை பொட்டை. ஏனென்றால் கடுவன்களைத்தான் ஏற்கெனவே வீடுகள் எடுத்துக்கொண்டன. ஆறேழு மாதத்துக்கு மேல் பொட்டை நாய் பருவத்துக்கு வருகிறது. சினைக்காலம் சுமார் 63 நாள். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ ஈற்று, ஈற்றுக்கு நாலைந்து குட்டி. கடுவனே வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்கும் பழக்கம், குட்டி போடும் நாய்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தெருவில் விடும் வேலையைத்தான் செய்கிறது.

இவற்றுக்குத் தீனி போடுவதும் ஊர்தான். பண்ணையில் செத்த கோழி ஓடையில் விழுகிறது. கறிக்கடைக் கழிவும் விருந்து எச்சில் இலையும் சாலையோரம் குவிகின்றன. தீனி இருக்கும் இடத்தில் நாய்கள் கூட்டமாகின்றன. தீனி குறையும் நாளில் அந்தக் கூட்டம் மேய்ச்சல் காட்டுப் பக்கம் திரும்புகிறது.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள் ஆட்டுப் பட்டி போட்டுவிட்டு இரவில் வீடு திரும்புவது பழைய வழக்கம். ஆளில்லாத அந்தப் பட்டிகளில் ஒரே இரவில் பத்து, இருபது ஆடுகள் கடிபட்டுச் செத்திருக்கின்றன. செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடியதும் நடந்தது. நாய்க் கூட்டம் பசிக்கு ஓர் ஆட்டைத் தின்றுவிட்டு நிற்பதில்லை; ஓடுவதையெல்லாம் துரத்திக் கடிக்கிறது. தப்பித்த சினை ஆடுகளும் மிரண்டு குட்டியை வீசிவிடுகின்றன.

ஆத்திரத்தில் சிலர் கறியில் விஷம் வைக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். அதோடு, அந்தக் கறியைத் தின்று பக்கத்துத் தோட்டத்துக் காவல் நாயும் சாகும். கழிவுக் குவியல் அப்படியே இருந்தால் செத்த நாய்களின் இடத்துக்கு வேறு ஊர் நாய்கள் வந்து சேரும்.

அறுவை என்றால் பயம் எதற்கு?

சென்னையில் 1959-இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு, நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்வதை 1960-களிலேயே கையில் எடுத்தது. 1996-இல் சென்னை மாநகராட்சியும் அந்த வழிக்கு வந்தது. இப்போது விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023 நடைமுறையில் உள்ளன. இவற்றின்படி தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு. வளர்ப்பு நாய்க்கு வளர்ப்பவரே பொறுப்பு.

கிராமத்தில் இதற்குத் தடையாக நிற்பது செலவு மட்டும் இல்லை, சந்தேகமும்தான். கால்நடை மருந்தகத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"ஆபரேசன் பண்ணுனா நாய் மொடங்கிப் போயிரும், அப்புறம் கொலைக்காதுன்னு சொல்றாங்களேங்க டாக்டரய்யா?"

"அப்படியெல்லாம் ஆவாதுங்கம்மா. காவல் அப்படியேதான் இருக்கும். பருவத்துக்கு வந்து ஊர்க் கடுவனையெல்லாம் தோட்டத்துக்குக் கூட்டிட்டு வராது, அவ்வளவுதான். சோத்தை மட்டும் கொஞ்சம் கொறச்சுப் போடுங்க, இல்லாட்டிக் கொழுத்துப் போகும்."

கருத்தடை செய்த பொட்டை நாய் அலையாமல் தோட்டத்திலேயே கிடக்கும். காவலுக்குக் கடுவனுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஆறு மாதம் தாண்டியதும் அறுவை செய்யலாம். தையல் ஆற பத்து நாள் போதும். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் இதற்கு வசதி உண்டு. பக்கத்தில் எங்கே செய்கிறார்கள் என்பதை உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். தனியாக ஒரு நாயைக் கொண்டுபோவது சிரமம். பத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தால் செலவும் குறையும், நாளும் மிஞ்சும்.

ஊர் என்ன கொடுக்கலாம்?

பக்கத்தில் காப்பகம் இருந்தால், பணம் இல்லாதவர்களும் அதைத் தாங்க முடியும். நொய் அரிசி, கம்பு, ராகி, வைக்கோல், துவைத்த சாக்கு, பழைய நிழல்வலை என்று தோட்டத்தில் மிஞ்சுகிற பலவற்றுக்கு அங்கே தேவை இருக்கிறது. சந்தைக்குப் போய்க் காலியாகத் திரும்பும் வண்டியில் அனுப்பினால் போதும். அனுப்பும் முன் என்ன தேவை என்று கேட்டுவிடுவது நல்லது. விருந்தில் மிஞ்சிய காரச் சோறு, வேகவைத்த கோழி எலும்பு, நோயில் செத்த கோழி ஆகியவற்றை அனுப்பக் கூடாது. வெங்காயமும் நாய்க்கு ஆகாது.

இன்னொரு உதவிக்குப் பைசா செலவில்லை. காப்பகத்துக் குட்டிகள் இரண்டை, தடுப்பூசி முடியும் வரை ஒரு மாதமோ இரண்டு மாதமோ தோட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் அது. நெருக்கடியிலிருந்து வெளியே வந்த குட்டி பிழைக்க வாய்ப்பு அதிகம். நாய் தேவைப்படுகிறவர்கள், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த பொட்டை நாயைக் காப்பகத்திலிருந்தே கேட்டு வாங்கலாம். அங்கே ஓரிடம் காலியாகும். ஊரில் ஒரு ஈற்று குறையும்.

வளர்ப்பு நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் போட வேண்டும். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாள்களை ஒட்டிப் பல கால்நடை மருந்தகங்களில் இலவச முகாம் நடக்கும். ஆட்டையோ மாட்டையோ நாய் கடித்தால், புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் தடவக் கூடாது. எச்சில் ஒழுகி, தீனி விழுங்க முடியாமல் நிற்கும் மாட்டுக்குத் தொண்டையில் ஏதோ அடைத்துவிட்டது என்று வாய்க்குள் கை விடுவது ஆபத்து. அது வெறிநோயாக இருக்கலாம். மனிதரை நாய் கடித்தாலும் முதல் வேலை இதே கழுவல்தான். உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்க வேண்டும். தவணை தவறாமல் முடிக்க வேண்டும். பட்டியில் ஆடுகள் செத்தால், புதைக்கும் முன் கால்நடை மருத்துவரை வரவழைத்துப் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்குவது அவசியம். அது இல்லாமல் இழப்பீடு கேட்பது கடினம்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. ஊராட்சியில் கருத்தடை முகாம் வேண்டும், கறிக்கடை, கோழிப்பண்ணைக் கழிவுகளைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்ற இரண்டு தீர்மானங்களை அங்கே எழுதி வைக்கலாம். பால் சங்கமும் மகளிர் குழுவும் சேர்ந்து எந்தெந்தத் தோட்டத்தில் எத்தனை பொட்டை நாய் இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்தால், மருத்துவரிடம் பேசத் தேவையான கணக்கு ஒரே நாளில் தயாராகிவிடும்.